மண்டபத்தின் சாவி

கம்பைநல்லூர் போன்ற ஊர்களில், பொதுமக்கள் பணத்தில் எழுந்த வாடகை மண்டபத்தைப் பேரூராட்சியே ஏற்கட்டும் என்னும் பேச்சு எழுமாயின், அங்கத்தினர்கள் சென்னை விக்டோரியா மண்டபத்தின் வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்தல் நலம்.

1883-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அம்மண்டபம் நன்கொடைப் பணத்தால் உருவாயிற்று, நிலமோ நகரசபையினுடையது. மனை ஒன்றுக்கு எட்டணா வீதம் 99 ஆண்டுக் குத்தகை! நாடகமும் சொற்பொழிவும் நிகழ்ந்த அக்கூடம் பிற்காலத்தில் பழுதுற்றது. 1985-இல் குத்தகை முடிந்தது. வழக்குகளுக்குப் பின் மாநகராட்சி அதனைக் கைக்கொண்டது.

கைக்கொண்டது தவறென்று நாம் கூறோம். பழுதுபார்க்க இயலாத குழுவினிடம் கட்டடத்தை விட்டுவைத்தல் தர்மமன்று. ஆயினும் வாடகை விகிதத்தையும், தறிக்காரர் வீட்டுத் திருமணத்துக்கும் சங்கத்தின் பொதுப் பேரவைக்கும் உரிய சலுகையையும், ஏற்கும் நாளிலேயே தீர்மானத்தில் எழுதிவிடல் வேண்டும். வாய்மொழி வாக்குறுதி தணிக்கைக்கு நில்லாது. இதனை நாம் தொழில்முறையில் நன்கறிவோம். வசூலில் ஒரு பகுதி பழுதுபார்ப்பு நிதியாகத் தனிக் கணக்கில் சேர்தலும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இசையாத பேரூராட்சியிடம் சாவியைக் கொடுக்க அங்கத்தினர்கள் அவசரப்பட வேண்டியதில்லை.