வேலைக்கு வரலைன்னா டிஸ்மிஸ்!

ஹிஸ்டரின்னாலே கடைசி பெஞ்சுக்கு ஓடுற பார்ட்டியா நீங்க? இதைப் படிச்சுட்டு அப்புறம் தூங்குங்க பாஸ்!

அர்ஜென்டினான்னா மரடோனாதானே ஞாபகம் வரும்? 1976 மார்ச் 24-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த வருஷமே, பியூனஸ் அயர்ஸ் பக்கத்தில் ஜெனரல் பச்சேகோ என்ற ஊரில் இருந்த ஃபோர்டு ஃபேக்டரியின் தொழிலாளர்கள் 24 பேரை ராணுவம் தூக்கிட்டுப் போச்சு. பெரும்பாலும் யூனியன் பிரதிநிதிகள். சிலருக்கு ஃபேக்டரிக்குள்ளேயே அடி, உதை. அவங்க சிறையில் கிடக்க, வீட்டுக்கு வந்தது ஒரு தந்தி... 'வேலைக்கு வரலைன்னா டிஸ்மிஸ்!'

1983-ல் ஜனநாயகம் திரும்பியது. காணாமல்போனவர்களைப் பற்றி விசாரித்த கமிஷன், 1984-ல் கணக்கு கொடுத்தது. பதிவானவர்கள் 8,961 பேர். அதில் 30.2 சதவிகிதம் ஆலைத் தொழிலாளர்கள். 21 சதவிகிதம் மாணவர்கள். ஆமா, நம்ம செட்டுதான்!

1985-ல் தளபதிகள் ஒன்பது பேர் கூண்டில் ஏற, ஐந்து பேருக்குத் தண்டனை. இந்த மாதிரி விசாரணைகளுக்கு 'நிலைமாறுகால நீதி'ன்னு பெரிய பேரு. நல்ல விஷயம்தான். ஆனா, கூண்டில் ஏறினது யூனிஃபார்ம் மட்டும்! 1986, 87-ல் வந்த ரெண்டு சட்டங்கள் மற்ற வழக்குகளுக்கும் பூட்டு போட்டுடுச்சு.

விளைவு? 'கொடூர ராணுவம், பாவம் அப்பாவிகள்'னு கதை சுருங்கிப்போச்சு. 'அப்பாவி'ன்னு சொன்னா பரிதாபம் கிடைக்கும். ஆனா, அவர் யூனியன் ஆளு, சக தொழிலாளிக்காகப் பேசினவருங்கிறது காணாமப்போயிடும். ஆளை ஒரு தடவை தூக்கினாங்க. அவர் எதுக்காக நின்னாருங்கிறதை இன்னொரு தடவை!

அந்தத் தொழிலாளிகளும் குடும்பங்களும் விடலை. 2005-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டங்கள் செல்லாதுன்னு சொன்னது. 2018 டிசம்பரில், அதே ஃபேக்டரியின் முன்னாள் அதிகாரிகள் ரெண்டு பேருக்கு 10, 12 வருஷ சிறை. தொழிலாளர்களை அடையாளம் காட்டிக் கொடுத்து, கடத்தலுக்குத் துணை போனதுதான் குற்றம். தீர்ப்பைக் கேட்க, 24 பேரில் பலர் உயிரோடு இல்லை.

42 வருஷம் லேட். ஆனாலும், 'ராணுவ சர்வாதிகாரம்'னு சொல்லிட்டிருந்த அர்ஜென்டினாக்காரங்க பலர், இன்னிக்கு 'சிவில் - ராணுவ சர்வாதிகாரம்'னு சேர்த்துச் சொல்றாங்க. ஒரு வார்த்தை கூடினதும் கதையில் புது ஆட்கள் தெரியறாங்க பாருங்க!

ஸோ ஃப்ரெண்ட்ஸ், அடுத்த தடவை புத்தகத்தில் 'பாதிக்கப்பட்ட மக்கள்'னு பார்த்தா டக்குனு தாண்டிப் போயிடாதீங்க. அவங்க என்ன வேலை பார்த்தாங்க, என்ன கேட்டாங்க, லிஸ்ட் கொடுத்தது யாரு... மூணே மூணு கேள்வி கேளுங்க. மார்க் வராது. ஆனா, மறதியும் வராது!