வைட்டமின்தானே, ஒண்ணும் பண்ணாது!

முகத்தில் நாலு பரு வந்தால் போதும்... தர்மபுரியோ அரூரோ, காலேஜ் ஹாஸ்டலில் ஒருத்தி சாப்பிடும் மாத்திரையின் பெயர் பத்துப் பேருக்குப் பரவிவிடும். ஐசோட்ரெட்டினாயின். "பயப்படாதே, வைட்டமின் ஏ மாதிரிதான், ஒண்ணும் பண்ணாது" என்று சமாதானம் வேறு!

ஒண்ணும் பண்ணாதா? தவளையைக் கேட்டால் தெரியும்.

புவனேஸ்வர் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடி (ஒடிசி நடனக் கலைஞரும்கூட) குழுவினர் தலைப்பிரட்டைகளின் வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த தண்ணீரில் விட்டார்கள். வெட்டிய இடத்தில் வாலுக்குப் பதில் கால்கள் முளைத்தன! 1992-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. தமிழ்நாட்டிலும் மழைக்கு மண்ணைவிட்டு வெளியே வருகிற பலூன் தவளைதான் அது. அதற்கு முன்பே, 1989-ல், ஆப்பிரிக்கத் தவளைக் கருவில் ரெட்டினாயிக் அமிலம் மூளையின் முன்பகுதி வளர்ச்சியையே குலைப்பதைக் காட்டியிருந்தார்கள்.

காரணம் எளிது. இந்தச் சேர்மங்கள் கொழுப்பில் கரைபவை. செல் சவ்வை சுலபமாகத் தாண்டி உள்ளே போய், எந்த ஜீன் எப்போது வேலை செய்யவேண்டும் என்று உத்தரவு போடுகின்றன. வளரும் கருவில் உத்தரவு தப்பினால் உறுப்பே தப்பிவிடும்.

மனிதக் கருவும் இதற்கு விலக்கல்ல. கர்ப்பத்தில் ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டால் குழந்தையின் மூளை, இதயம், காது பாதிக்கப்படலாம். அதனால்தான் மாத்திரைக்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது என்கிறார்கள். சாப்பிடுபவரின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பும் ஏறலாம். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவது காசு பிடுங்க அல்ல!

உடனே முருங்கைக்கீரையையும் மாம்பழத்தையும் ஒதுக்கவேண்டாம். அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடம்பு தேவைக்கேற்பத்தான் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. குழந்தைகளுக்கு அரசு கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் வயதுக்கேற்ற அளவோடுதான் தரப்படுகிறது. அதைத் தடுப்பது பெரிய தவறு.

தப்பு வைட்டமின் மேல் இல்லை. சீட்டுக் கேட்காமல் மாத்திரையை நீட்டும் கடைக்காரர் மேல், எச்சரிக்கையைப் படிக்காமல் தோழிக்குப் பரிந்துரைக்கும் படித்த பிள்ளைகள் மேல். விலங்கியல் புத்தகத்தில் தவளையை வரைந்து மார்க் வாங்கியவர்கள்தான் அவர்களும்!

பரு ஆறிவிடும். குலைந்த கரு?