கிழங்கு அல்ல, தண்டு

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் தேடிக் குடிப்பது முடவாட்டுக்கால் சூப். கிழங்கு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உண்மையில் அது பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் ஒரு பெரணியின் தண்டு. மேலே மூடியிருக்கும் பழுப்புச் செதில்களால் ஆட்டுக்கால் போலத் தெரிகிறது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாக ஸ்போர் புள்ளிகள். பூவும் விதையும் இல்லாமல் ஒரு தாவரம் எப்படிப் பெருகுகிறது என்ற பிளஸ் ஒன் பாடம் இந்த ஒரு செடிக்குள் அடங்கிவிடும். கொல்லிமலையில், வாழவந்தி நாட்டின் செம்மேட்டில் பயாலஜி குரூப் எடுக்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் படத்திலிருந்து தொடங்கக் கூடாது, பாறையிலிருந்து தொடங்கவேண்டும். ஊர்ப்பாசத்துக்காக அல்ல, பாடம் புரிவதற்காக.

ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். சி3, சி4 தாவரங்களின் வேறுபாட்டை அட்டவணையாக மனப்பாடம் செய்வது பெரும்பாடு. கேழ்வரகு சி4, பள்ளத்து வயலில் விளையும் நெல் சி3. இரண்டின் இலையையும் பிளேடால் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், கேழ்வரகில் நரம்பைச் சுற்றிப் பசுங்கணிகம் நிறைந்த செல்கள் மாலை கோத்ததுபோல் நிற்கும். நெல்லில் அப்படி நிற்காது. பாடத்தில் இந்த அமைப்புக்குக் கிரான்ஸ் என்று பெயர். அந்த ஜெர்மன் சொல்லுக்கே மாலை என்றுதான் பொருள். மரபியலுக்கு மெண்டலின் பட்டாணி வேண்டியதுதான். ஆனால் வெள்ளப் பெருஞ்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று ஒரே பயிரில் பல ரகங்களைத் தலைமுறை தலைமுறையாக விதைக்கு எடுத்து வைத்தவர்கள் கொல்லிமலையின் மலையாளி பழங்குடி மக்கள். செயற்கைத் தேர்வு என்ற சொல்லுக்கு இதைவிடப் பக்கத்தில் எடுத்துக்காட்டு கிடைக்காது. அந்தச் சாமைக் கொல்லைகளில் பெரும்பகுதியை ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. அதற்கும் ஒரு பாடம் வந்து சேர்ந்தது. தென் அமெரிக்க மாவுப்பூச்சி ஒன்று 2020இல் கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் மரவள்ளியைத் தாக்கியது. 1980களில் ஆப்பிரிக்காவில் அதே பூச்சியை அடக்கிய சின்னஞ்சிறு குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். குளவி பூச்சிக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். உயிரியல் கட்டுப்பாடு என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

நீட் தேர்வில் சாமையைப் பற்றியா கேட்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு என்னும்போது அந்தக் கவலை நியாயமானது. ஆனால் நான் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை, எடுத்துக்காட்டைத்தான் மாற்றச் சொல்கிறேன். கேழ்வரகில் கண்ட மாலையைச் சோளத்திலும் கரும்பிலும் அடையாளம் காண்பது எளிது. காணாததை நினைவில் வைப்பதுதான் கடினம். மலைப் பிள்ளைக்கு மலைப் பாடம் போதுமா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. போதாது. ஆனால் மரவள்ளிக் கொல்லையில் தொடங்கிய பாடம் பெனின் வரை போகிறது, அது பிள்ளையை மலைக்குள் சிறைப்படுத்துவது எங்கே? பழைய நம்பிக்கைகளை எல்லாம் அறிவியல் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. முடவாட்டுக்கால் மூட்டுவலியைத் தீர்க்கும் என்கிறார்கள். அதற்கு என்ன சான்று, எப்படிச் சோதிப்பது என்று ஒரு மாணவி கேட்கத் தொடங்கினால், அவள் உயிரியல் படிக்கிறாள் என்று பொருள்.

பாடம் முடிக்கவே ஆசிரியருக்கு நேரம் போதவில்லை என்பது உண்மை. அதனால்தான் புதிய பீரியடு கேட்கவில்லை. செய்முறைக்கு ஏற்கெனவே 20 மதிப்பெண் இருக்கிறது. ஒரு பிளேடு, ஒரு சொட்டு சாஃப்ரனின் சாயம், ஒரு நுண்ணோக்கி, ஒரு கேழ்வரகு இலை போதும். முதல் மூன்றையும் அரசு வாங்கித் தரலாம். நான்காவது கொல்லையில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.