பலகை மட்டும் மாறினால் போதுமா?

போர்ட்கிள்ளான் படகுத்துறையில் பயணிகள் படகு ஏறினால், ஏறக்குறைய முக்கால் மணி நேரத்திற்குள் கெத்தாம் தீவை அடைந்துவிடலாம். மேரு, காப்பார் வட்டார மக்களுக்கு அது பழகிய ஞாயிற்றுக்கிழமைப் பயணம். ‘கெத்தாம்’ என்றால் மலாய் மொழியில் நண்டு. சேற்றில் ஊன்றிய தூண்களின்மேல் வீடுகளும் கடைகளும் நிற்கும் ஊர் அது. அங்குக் கார் கிடையாது. மிதிவண்டியும் மின்சைக்கிளும்தான் ஓடுகின்றன. அவை ஓடுவதும் தரையில் அன்று, தூண்களின்மேல் அமைந்த நடைபாதையில்தான். முன்பு மரப்பலகையாக இருந்த பாதைகள் பல இன்று சிமெண்டுக்கு மாறிவிட்டன. எனினும், கிள்ளான் கடலோரத்தின் சிறு மீன்பிடித் துறைகளில் பலகைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி இழையால் ஆன தளம் போடலாமா என்பதே கேள்வி.

பலகையின் கேடு பெரும்பாலும் ஆணியிலிருந்து தொடங்குகிறது. உப்புக் காற்றில் ஆணி துருப்பிடிக்கும். துளையில் மழைநீர் தேங்கும். அதைச் சுற்றியுள்ள மரம் உளுத்துப்போகும். மேலிருந்து பார்த்தால் பலகை நன்றாகவே தெரியும். மீன்பெட்டியைச் சுமந்து வருபவர் ஒரு முனையில் கால் வைத்ததும் மறுமுனை எழும்பும். பாரத்தோடு கீழே விழுபவருக்கு அடியில் இருப்பது கடல்நீர் அல்லது முழங்கால் அளவு சேறு. ஆகவே, பலகையை மாற்றுவதை அழகு பற்றிய பேச்சாக மட்டும் கருத இயலாது.

மரத்தையே வைத்திருக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. மரம்தான் மீனவக் கம்பத்தின் அடையாளம் என்பது அவர்கள் கருத்து. நண்டு சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்புபவர் அப்படிச் சொல்வது எளிது. அதே பலகையில் விடியற்காலை இருட்டில் நடப்பவர் அப்படிச் சொல்வாரா என்பது ஐயமே. ஆனால், அவர்கள் வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. மலாய் மொழியில் ‘செங்கால்’ எனப்படும் வன்மரம் நெடுங்காலம் உழைக்கக்கூடியது. அதன் குறை, மிக மெதுவாக வளர்வதுதான். விலையும் அதிகம். மலிவான மரத்தைப் போட்டால், சில ஆண்டுகளிலேயே மீண்டும் சுத்தியலை எடுக்க நேரிடும்.

சிமெண்டும் குறையற்றது அன்று. அதன் எடையைச் சேறு எளிதில் தாங்குவதில்லை. உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை உப்பு எட்டிவிட்டால் கம்பி துருவேறிப் பருக்கும். சிமெண்டு பிளந்து உதிரும். கண்ணாடி இழைத் தளத்திற்கு இவ்விரு தொல்லைகளும் இல்லை. நுண்ணிய கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து இறுகச் செய்த பொருள் அது. எடை குறைவு, உளுக்காது, துருப்பிடிக்காது. சன்னல் கம்பிபோல் இடைவெளி விட்டு வார்த்த தளமாயின் மழைநீர் தேங்காது. கீழிருந்து மோதும் அலையும் தளத்தைத் தூக்காமல் இடைவெளி வழியே வெளியேறும்.

இவ்வளவு நன்மை இருந்தும், தளத்தை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான். கிள்ளான் கடலோரத்தில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த ஏற்ற இறக்கம் 4 மீட்டருக்கும் அதிகம். நீரில் மூழ்கும் மரத்தூண்களைக் கப்பல் புழு துளைக்கிறது. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். வெளியே சிறு துளை மட்டும் தெரிய, உள்ளே தூணைச் சல்லடையாக்கிவிடும். அத்தகைய தூண்மேல் எவ்வளவு விலையுயர்ந்த தளத்தைப் போட்டு என்ன பயன்? நீர் வற்றிய நேரத்தில் சேற்றில் இறங்கித் தூண்களைத் தட்டிப் பார்த்த பிறகே தளத்திற்கான செலவைக் கணக்கிட வேண்டும்.

கண்ணாடி இழைக்கும் முதுமை உண்டு. மேற்பூச்சு தேய்ந்தபின் வெயில் பிசினை அரிக்கும். இழைகள் வெளியே நீட்டிக்கொண்டு, வெறுங்காலில் நடப்பவருக்கு அரிப்பை உண்டாக்கும். அதன்பின் அப்பொருள் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் காணலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் முதலிய இடங்களின் மீனவர்களுக்கு ஃபைபர் படகுகள் ஏராளமாக வழங்கப்பட்டன. அவை இலேசானவை, வேகமானவை. மீனவர்கள் விரும்பி ஏற்றுக்கொண்டனர். முன்பு கட்டுமரம் பழுதானால் கட்டவிழ்த்து விறகாக்கலாம். உடைந்த ஃபைபர் படகை எரித்தால் நச்சுப்புகை. உருக்கி வேறு பொருளாக வார்க்கவும் முடியாது. எனவே, அது மணலிலேயே கிடக்கிறது.

கிள்ளான் கடலோரத்தில் அந்நிலை வர வேண்டியதில்லை. ஆள் நடமாட்டம் மிகுந்த பொதுத் துறைகளில், தூண்களைச் செப்பனிட்டபின், கண்ணாடி இழைத் தளம் போடுவது தக்கது. வீட்டு வாசலில் நான்கு பலகை போட்டிருப்பவர் மரத்தையே வைத்துக்கொள்ளட்டும். அதை அவரே பார்த்து, அவரே மாற்றிக்கொள்வார். பொதுத் துறைக்கான ஒப்பந்தத்தில், பழைய தளத்தை விற்றவரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனை இடம்பெற வேண்டும். இதனால் விலை சற்றுக் கூடலாம். நிபந்தனை இல்லாவிட்டால், அதே செலவு பின்னாளில் குப்பை அள்ளும் கணக்கில் வரும். பழுது பார்க்கும் பணியையும் உள்ளூர்த் தச்சர்களுக்கே கொடுக்கலாம். கண்ணாடி இழையை அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால், முகக்கவசமும் கையுறையும் அவர்களுக்குச் சேர்த்தே வழங்கப்பட வேண்டும்.