இலங்கைக்கு குரூப்பா சர்ஃபிங் போறீங்களா? எந்த மாதம், எந்தக் கடற்கரை?

நண்பர்கள் சேர்ந்து இலங்கைக்குப் போய் சர்ஃபிங் கத்துக்கணும்னு பிளானா? டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் காற்று வீசும் திசையைப் பாருங்க.

மாதம் ஏன் முக்கியம்?

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வெலிகம, ஹிக்கடுவ கரைகளில் நேராக மோதும். கடல் கொந்தளிப்பாக இருக்கும். அதே மாதங்களில் கிழக்கே பொத்துவில் அருகே உள்ள அறுகம் குடாவில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் அலைகள் சீராக எழும். டிசம்பர் முதல் மார்ச் வரை நிலைமை அப்படியே தலைகீழ்.

புதியவர்களுக்கு எது?

வெலிகமவில் அடியில் மணல். விழுந்தாலும் பெரிய அடி படாது. அறுகம் குடாவின் 'மெயின் பாயின்ட்' அலையோ பாறைத் தரை மேல் உடைவது. அது அனுபவசாலிகளுக்கு. புதியவர்கள் 'பேபி பாயின்ட்'டில் பயிற்சியாளருடன் தொடங்கலாம்.

குரூப்பில் என்ன சிக்கல்?

கூச்சம்தான். நல்லா நீந்துறவர் பெரிய அலைக்குப் போனா, நீச்சல் தெரியாதவரும் 'நான் வரலை'ன்னு சொல்லத் தயங்கி பின்னாடியே போயிடுவார். எனவே, குரூப்பில் யாருக்கு நீச்சல் குறைவோ, அவருக்கு ஏற்ற கடற்கரையைத் தேர்ந்தெடுங்க. ஒரு பயிற்சியாளர் எத்தனை பேரைப் பார்த்துக்குவார் என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேளுங்க.

நீரோட்டம் இழுத்தால்?

அது கரையை விட்டு விலக்கி இழுக்குமே தவிர, அடியில் அமுக்காது. அதை எதிர்த்து நீந்தினா களைப்புதான் மிஞ்சும். பலகையை விடாம பிடிச்சுக்கிட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகரணும். முடியலைன்னா, கையை உயர்த்தி உதவி கேட்கணும். இதைத் தண்ணீரில் இறங்கும் முன்பே எல்லாரும் தெரிஞ்சு வச்சிருக்கணும்.