பதிலுக்கு ஒரு திகதி: இலங்கையின் தமிழ்மொழிக் குடிமக்கள் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

2022 ஜூலை 14 அன்று கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பதவி விலகல் கடிதம் கொழும்புக்கு முதலில் மின்னஞ்சலில்தான் வந்து சேர்ந்தது. மறுநாள் சபாநாயகர் அதை ஏற்று நாட்டுக்கு அறிவித்தார். ஜனாதிபதி ஒருவரின் விலகலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளத் தெரிந்த அதே அரசு, முல்லைத்தீவில் தன் காணிக்கு உரிமை கோரும் ஒரு தாயிடம் இன்றும் மூலப்பத்திரத்தோடு நேரில் வரச் சொல்கிறது.

அந்த ஆண்டு மார்ச் 31 இரவு மிரிஹானவில் கோட்டாபயவின் வீட்டருகே கூடிய கூட்டத்தை நாடு முழுவதும் கைபேசித் திரையில் நேரடியாகப் பார்த்தது. அடுத்த வாரமே காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்கள் எழுந்தன. மே 18 அன்று அதே திடலில், இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து கஞ்சி பகிரப்பட்டது. கொழும்பின் நடுவில், சிங்கள இளைஞர்கள் வரிசையில் நின்று அதை வாங்கிக் குடிப்பார்கள் என்று அதற்கு ஒரு வருடம் முன் சொல்லியிருந்தால் நாங்களே நம்பியிருக்க மாட்டோம். சமூகம் நகர்ந்திருக்கிறது. ஆட்சியாளரை மாற்றிய அந்தக் கைபேசித் தொடர்பு, அலுவலகத்தின் பழக்கத்தை மட்டும் இன்னும் தொடவில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் புத்தளத்திலும் கொழும்பிலும் தமிழில் வாழும் குடிமக்கள் நாங்கள். கீழே கேட்பவற்றில் பல ஏற்கெனவே அரசியலமைப்பிலோ சட்டத்திலோ இருப்பவை. மற்றவை ஒரு சுற்றறிக்கையாலோ ஒரு சட்டமூலத்தாலோ முடிபவை. இவை நியாயமா என்று வாதிட நாங்கள் வரவில்லை. ஏன் இத்தனை தாமதம், எந்தத் திகதியில் முடியும் என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் வேண்டும்.

முதலில், மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி குறிக்கப்பட வேண்டும். வட மாகாண சபைக்கு மக்கள் வாக்களித்தது ஒரே ஒரு முறை, 2013 செப்டெம்பரில். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கின் காலம் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது. 2019க்குப் பின் ஒன்பது மாகாணங்களிலும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களின் நிர்வாகமே நடக்கிறது. காரணம் என்று காட்டப்படுவது ஒரு சட்டச் சிக்கல்: 2017இல் பாராளுமன்றம் தேர்தல் முறையைக் கலப்பு முறைக்கு மாற்றியது, அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் அதே பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்காமல், முடிச்சு இருக்கிறது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பது எந்த வகை நிர்வாகம்? பழைய விகிதாசார முறையில் இம்முறை தேர்தல் நடத்த ஒரு சிறிய திருத்தச் சட்டமூலம் போதும். 2025 மே 6 அன்று நாடு முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு முன் பணம் இல்லை என்று 2023 தேர்தலைத் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே பணம் என்ற பதிலும் தீர்ந்துவிட்டது. எங்கள் ஊர்களில் வட்ஸ்அப் குழு இல்லாத தெரு இல்லை. பாடசாலைக் கூரை, வைத்தியசாலையில் மருத்துவர் இல்லாமை, குளத்தின் உடைந்த கதவு எல்லாம் அங்கே படத்தோடு வருகின்றன. அவற்றுக்குப் பதில் சொல்ல, மறுபடி எங்கள் வாக்கைக் கேட்டு வரவேண்டிய ஒருவர் மாகாண மட்டத்தில் வேண்டும். ஆறு மாதங்களுக்குள் இது நடக்க முடியும்.

காணி பற்றிய வர்த்தமானி அறிவித்தல் எதுவும், பாதிக்கப்படுவோரைச் சென்றடைந்த பின்னரே காலக்கெடு எண்ணத் தொடங்க வேண்டும். 2025 மார்ச் 28 வர்த்தமானி எங்களுக்கு நினைவிருக்கிறது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கரைக் குறிப்பிட்டு, மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது அந்த அறிவித்தல். அக்காணிகளின் சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள்? சிலர் அதே ஊரில், பத்திரம் இல்லாமல். இடம்பெயர்வு ஒவ்வொன்றிலும் வீட்டோடு உறுதியும் போனது, கரையோரத்தில் மிஞ்சியதைச் சுனாமி கொண்டுபோனது. சிலர் தமிழ்நாட்டு முகாம்களில். சிலர் டொரொன்டோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும், பேரப்பிள்ளைகளோடு. ஒரு மரணச் செய்தி கிளிநொச்சியிலிருந்து டொரொன்டோவுக்கு ஒரு நிமிடத்தில் போகிறது. காணி பறிபோகும் செய்தி மட்டும் அரச அச்சகத்தின் தாளில் தங்கிவிடுகிறது. எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பிறகு அந்த வர்த்தமானியை அரசாங்கம் மீளப்பெற்றது. மீளப்பெற்றது அந்த ஒன்றை மட்டும். அறிவிக்கும் முறை அப்படியே இருக்கிறது. இனி இத்தகைய அறிவித்தல் தமிழில், கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில், கோயில், தேவாலய, பள்ளிவாசல் பலகைகளில், வெளிநாட்டுத் தூதரகங்களில், இணையத்தில் ஒரே நாளில் வெளியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் வரும் உரிமைக் கோரிக்கை ஏற்கப்பட வேண்டும். கால எல்லை குறைந்தது இரண்டு வருடம். அடுத்த வர்த்தமானி எந்த வெள்ளிக்கிழமையும் வரலாம் என்பதே இதன் அவசரம்.

இணையத்தையோ சமூக ஊடகங்களையோ நிறுத்தும் அதிகாரம் நிர்வாகத்தின் கையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது, 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோது, மூன்று முறையும் ஒரே பழக்கம். 2019இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாளில், பிள்ளை எந்த வைத்தியசாலையில் என்று தேடியவர்களின் கையிலிருந்தும் அந்த வசதி பறிக்கப்பட்டது. 2022இல் போட்ட தடை ஒரு நாள்கூட நிற்கவில்லை. இளைஞர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பயனற்ற ஒன்றை அவசரமான நேரத்தில் செய்யும் அதிகாரம் எதற்கு? நிறுத்த வேண்டுமானால் நீதிபதியின் எழுத்து மூலமான கட்டளை, அதன் காரணம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் நான்கும் அதே நாளில் மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும்.

2024 ஜனவரி 24 அன்று நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நீக்கப்பட வேண்டும். ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு, எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் ஏற்பாடு அது. எதிர்க்கட்சியில் இருந்தபோது அதைக் கண்டித்தவர்கள் ஆட்சிக்கு வந்த பின் ‘திருத்துவோம்’ என்கிறார்கள். திருத்த எடுக்கும் ஒவ்வொரு மாதமும் அச்சட்டம் நடைமுறையில் இருக்கும் மாதம்தான். பெண்களைப் படம் பிடித்து மிரட்டுவோரையும் சிறுவரைத் துன்புறுத்துவோரையும் தண்டிக்க வேண்டுமா, அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவாருங்கள், நாங்களே ஆதரிப்போம்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு 1979இல் வைத்த பெயரிலேயே ‘தற்காலிக’ என்ற சொல் இருக்கிறது. அதை நீக்கும் திகதி வேண்டும். வேறு பெயரில் அதையே மறுபடி எழுதுவதை நாங்கள் நீக்கமாகக் கணக்கெடுக்க மாட்டோம். தமிழில் கவிதைத் தொகுப்பு எழுதிய ஓர் இளம் ஆசிரியர் 2020 மேயில் பிடிக்கப்பட்டு 2021 டிசெம்பர் வரை உள்ளே இருந்தார். பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு முகநூல் பதிவுக்கு விருப்பம் தெரிவிக்கும் முன் எங்கள் பிள்ளைகள் இன்றும் ஒரு தரம் யோசிக்கிறார்கள். அந்த யோசனையை வளர்த்தது இச்சட்டம்.

அரசின் கடுமை ஒரு பக்கம் இருக்க, சமூக ஊடக நிறுவனங்களின் அலட்சியமும் உயிரை எடுத்திருக்கிறது. திகனவில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது வெறுப்பைப் பரப்பிய பதிவுகள் முகநூலில் தாராளமாக ஓடின. தன் தளத்தின் பங்குக்காக அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல். தமிழும் சிங்களமும் அறிந்த எத்தனை பேர் இலங்கைப் பதிவுகளைப் பார்க்கிறார்கள், ஒரு முறைப்பாட்டுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது என்று ஆண்டுதோறும் வெளியிடும்படி அரசு அந்நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். அரசு தன் தரப்பில் எந்தெந்தப் பதிவுகளை நீக்கும்படி அவர்களிடம் கேட்டது என்பதையும் அதே அறிக்கையோடு வெளியிட வேண்டும். அடுத்த தேர்தல் மேடை ஏறும் முன் இது வேண்டும். வெறுப்புக்கு நல்ல சந்தை அந்த வாரங்களில்தான்.

அனர்த்த எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நிமிடத்தில் வர வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் மண்ணைச் சரித்தபோது நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் புதைந்தவர்களில் எங்கள் மக்களும் உண்டு. எச்சரிக்கையைத் தமிழில் கேட்பது சலுகையல்ல: 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் முதல் தமிழும் அரசகரும மொழி. மழை, மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வரும் வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு எச்சரிக்கை அலுவலகத்திலும் இரவு முறைக்கும் சேர்த்துத் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர், முன்கூட்டியே இரு மொழியிலும் எழுதி வைத்த எச்சரிக்கை வாசகங்கள், சிக்னல் கிடைக்காத தோட்டங்களுக்கு ஒலிபெருக்கி: இவ்வளவுதான் செலவு. அடுத்த பருவமழைக்கு முன் முடிய வேண்டும்.

தோட்டத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி முகவரி வேண்டும். உலகத்தோடு பேசும் கைபேசி லயத்துக்குள் வந்துவிட்டது. வீட்டு இலக்கம் வரவில்லை. கடிதங்கள் தோட்ட நிர்வாகத்தின் வழியாகத்தான் வருகின்றன. நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கிடைக்கிறது, வங்கிக் கடிதமும் நீதிமன்ற அழைப்பும் யார் கண்ணில் பட்டுக் கைக்கு வருகின்றன என்று தெரிவதில்லை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் சேவை செய்யத் தடையாக இருந்த ஏற்பாடு 2018இல் திருத்தப்பட்டது. இலக்கப் பலகை அடிக்கவும் தபால்காரரை அனுப்பவும் இனி என்ன தடை என்று எங்களுக்கு விளங்கவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டு கடமைகளை அரசு ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒன்று, விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு, அதுவும் கேட்ட மொழியில். தமிழில் கேட்டால் சிங்களத்தில் வரும் பதில் பாதிப் பதில்கூட இல்லை. மற்றது, 2016ஆம் ஆண்டின் அச்சட்டம் சொல்லியும் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளாத ஏற்பாடு: 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டுத் திட்டம் எதையும் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு விவரம் தெரிவிக்க வேண்டும். மன்னார்த் தீவில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025 ஓகஸ்டில் மக்கள் இரவு பகலாக வீதியில் இருந்தார்கள். ஒரு மாதத்துக்குக் காற்றாலை வேலைகளை நிறுத்தும்படி ஜனாதிபதி பணிக்க வேண்டி வந்தது. மழைநீர் எங்கே வடியும், கடற்றொழிலுக்கு என்னவாகும் என்ற விளக்கம், பாரவண்டி ஊருக்குள் வரும் முன் மக்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைக் கூட்டங்கள் நேரலையில் ஒளிபரப்பாக வேண்டும். ஒரு கைபேசியும் ஒரு தாங்கியும் போதும். தவிசாளரின் பிறந்தநாள் வைபவத்தை நேரலையில் காட்ட முடிகிற இடத்தில் வரவு செலவுத் திட்ட விவாதத்தையும் காட்டலாம்.

நாட்டுக்கு வெளியே உழைக்கும் பிரஜைகளுக்கு வாக்களிக்கும் வழி வேண்டும். 2024இல் மட்டும் அவர்கள் அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாடு மூச்சுவிட்டதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஏறாவூரிலிருந்து கட்டாருக்குப் போன ஒரு வீட்டுப்பணிப்பெண் தன் ஊர்ச் செய்தியை ஒவ்வொரு இரவும் கேட்கிறார், பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுகிறார், கூரைக்குத் தகரம் வாங்குகிறார். தேர்தல் நாளில் மட்டும் அவர் இல்லாதவர். குழுக்கள் பல இதை ஆராய்ந்துவிட்டன. இன்னொரு குழு வேண்டாம். தூதரகங்களில் வாக்களிப்பு நிலையம் அமைக்கும் ஏற்பாட்டை, மத்திய கிழக்கிலிருந்து தொடங்கி, அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்குள் சட்டமாக்குங்கள்.

இச்சாசனத்தின் பிரதிகள் ஜனாதிபதி செயலகத்துக்கும் பாராளுமன்றத்தில் இருக்கும் ஒவ்வொரு கட்சிக்கும் தேர்தல் ஆணைக்குழுவுக்கும் ஆளுநர் அலுவலகங்களுக்கும் கையளிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே பொறுப்பான அலுவலகத்தின் பெயரும் முடிக்கும் திகதியும் எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் பதில் தரப்பட வேண்டும். 14 வேலை நாட்கள் காத்திருப்போம். பதினைந்தாவது வேலை நாளில், பதில் வராத ஒவ்வொரு கோரிக்கை பற்றியும் தனித்தனித் தகவல் விண்ணப்பம் உரிய அலுவலகத்தில் பதிவாகும். மறுப்பு வந்தால் மேன்முறையீடு, பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பங்களும் அவற்றுக்கு வரும் பதில்களும், வராத பதில்களும், திகதியோடு ஒவ்வொரு வாரமும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படும்.