கரோலுக்கு வரவேற்பு, கும்மிக்குத் தடையா?

ஆலயத் திருவிழாவில் கும்மியும் கோலாட்டமும் கண்டு முகஞ்சுளிப்போரே, டிசம்பரில் கரோல் பாடி வீடுதோறும் வருகின்றனர். இடைக்காலப் பிரான்சில் கரோல் என்பது, ஆணும் பெண்ணும் கைகோத்துப் பாடியபடி வட்டமாய் ஆடிய ஆட்டமன்றோ! அதனைக் கடிந்த குருக்கள் அன்றும் இருந்தனர்; ஆட்டத்தின் பெயரோ கிறிஸ்து பிறப்புப் பாடலில் நிலைத்துவிட்டது.

மதுரையை அடுத்த ஆயர்சேரியில், எழுவர் மகளிரை ஏழிசையாக நிறுத்திக் கைகோத்தாடிய குரவையைச் சிலம்பு காட்டுகிறது. அயலார் வட்டத்தை வரவேற்கும் நமக்கு நம்மவர் வட்டம் கூசுவானேன்?

மறைபரப்பு நாடுகளின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்குமாறு 1963-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. கும்மியின் கைத்தாளமும் கோலின் ஒலியும் இசையல்லவா? திருப்பலிக்குள் ஆடுமாறு நாம் கேட்கவில்லை; ஆலய முற்றத்தையேனும் அடைக்காதிருப்போம்.